சேவலின் கொண்டையும் மனிதனின் முதுமையும்

காலி மும்மொழிக் கல்வெட்டு நம் வாசகர்களுக்குப் புதியதல்ல. 1911ஆம் ஆண்டு காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்த அது, இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. 1409ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்கல்லின் சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும் போற்றுகின்றன. அதை இங்கே கொண்டுவந்தவர் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே. யுன்னான் மாகாணத்து முஸ்லிம் குடும்பம் ஒன்றில் 1371இல் பிறந்தவர்; ஹஜ் செய்த தந்தையின் மகன். தமிழும் பாரசீகமும் ஒரே கல்லில் அருகருகே நிற்பதை நாம் பெருமையோடு பேசுகிறோம். ஆனால் அவரைப் பற்றிய ஒரு செய்தியை ஒரு வரியில் கடந்து விடுகிறோம். மிங் படைகள் யுன்னானைக் கைப்பற்றியபோது சிறைபிடிக்கப்பட்ட அவர், சிறுவயதிலேயே காயடிக்கப்பட்டவர்.

அச்செய்தியில் நின்று யோசிக்க வேண்டும் என்று எனக்குச் சில காலமாகத் தோன்றிவருகிறது. “ஆண்மைக் குறைவு” என்ற சொல் இன்று நம் பஸ் நிலையச் சுவர்களிலும் பத்திரிகை விளம்பரங்களிலும் நிறைந்து கிடக்கிறது. நாற்பது தாண்டிய ஆணுக்கு உடலில் ஒரு சுரப்பு குறைகிறது, அதை ஊசியாலோ களிம்பாலோ நிரப்பினால் இளமை திரும்பும் என்ற பேச்சு நகரங்களைத் தாண்டி எங்கள் இறம்பொடை மலைக்கும் வந்துவிட்டது. அந்தச் சுரப்பின் பெயர் டெஸ்டோஸ்டிரோன். செங் ஹேயின் உடலில் அது அநேகமாக இருந்திருக்கவே முடியாது. ஆயினும் 1405 முதல் 1433 வரை ஏழு கடற்பயணங்களுக்குத் தலைமை தாங்கியவர் அவர். முதற் பயணத்திலேயே 27,000 பேரளவில் அவரது ஆணைக்குக் கீழ் இருந்தார்கள். துணிவும் ஆளுமையும் அந்தச் சுரப்பில்தான் இருக்கின்றன என்பவர்கள் இந்த மனிதரை எங்கே வைப்பார்கள்?

அதற்காக அச்சுரப்பு ஒன்றுமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. செங் ஹே மிக உயரமானவர் என்று சீனக் குறிப்புகள் வருணிக்கின்றன. பருவமடையுமுன் காயடிக்கப்பட்டவர்களின் எலும்பு முனைகள் உரிய காலத்தில் மூடுவதில்லை. அதனால் கைகால்கள் நீண்டு வளரும். மீசை, தாடி, குரலின் கனம், தசைத் திரட்சி, இரத்தத்தின் சிவப்பணு, எலும்பின் வலிமை, பாலுணர்வு, பிள்ளைப்பேறு ஆகிய அனைத்திலும் டெஸ்டோஸ்டிரோனுக்குப் பங்குண்டு. இதன் ஒரு பகுதியை மனிதன் மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தான். லயத்துக்குப் பின்னால் மாடு வளர்ப்பவர்கள் எவரைக் கேட்டாலும், காயடித்த எருது ஏன் முட்டுவதில்லை என்று சொல்லிவிடுவார்கள்.

*

நூல்களிலும் இந்த அறிவு பதிவாகியிருக்கிறது. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அல்-ஜாஹிழ், ‘கிதாபுல் ஹயவான்’ என்ற தமது பெரும் விலங்கு நூலில், காயடிக்கப்பட்ட விலங்குகளின், மனிதர்களின் உடலும் குரலும் குணமும் எப்படி மாறுகின்றன என்று விரிவாகப் பேசுகிறார். மனிதனைக் காயடிப்பதை இஸ்லாம் தடுத்திருந்தது. இருந்தும் முஸ்லிம் அரண்மனைகள் பல, வெளியே காயடிக்கப்பட்ட அடிமைகளை விலைக்கு வாங்கி அந்தப்புரக் காவலில் வைத்தன. நம் வரலாற்றில் மறைக்க வேண்டிய தேவையில்லாத, ஆனால் மறக்கவும் கூடாத ஒரு பக்கம் இது.

குறைந்ததை நிரப்பலாம் என்ற எண்ணமும் பழையதே. சுசுருத சம்ஹிதையில் ஆட்டுக்கடாவின் விதையைப் பாலில் சமைத்து உண்ணும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. சித்தர் மரபில் காயகற்பம் உண்டு. மகாபாரதத்து யயாதி தன் முதுமையை மகனிடம் கொடுத்து இளமையை இரவல் வாங்கினான். இவர்களுக்கு நடுவே இப்னு சீனா (980–1037) வேறொரு குரலில் பேசுகிறார். உடலின் இயல்பான ஈரம் வற்றுவதே முதுமை என்றும், அது விளக்கில் எண்ணெய் குறைவது போன்றது என்றும் அவர் விளக்கினார். வைத்தியக் கலை ஈரம் வேண்டாத வேகத்தில் வற்றாமல் காக்கலாம். மரணமின்மையையோ நீண்ட ஆயுளையோ அது உத்தரவாதம் செய்யாது என்று ‘அல்-கானூன்’ நூலில் தெளிவாகவே எல்லை வகுத்தார். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் இந்த விவகாரத்தில் வைத்தியம் திரும்பத் திரும்ப வந்து முட்டும் எல்லை அதுதான்.

*

நவீன வரலாறு ஒரு கோழிப்பட்டியில் தொடங்குகிறது. 1849இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஆர்னோல்ட் பெர்தோல்ட் என்ற பேராசிரியர் சேவற்குஞ்சுகளைக் காயடித்துப் பார்த்தார். கொண்டை சுருங்கியது, கூவலும் சண்டையும் நின்றன. வேறு சிலவற்றின் விதையை எடுத்து, அதன் பழைய நரம்புத் தொடர்பு இல்லாமல் வயிற்றுக்குள் பதித்தார். அவை கொண்டை சிவந்து, கூவி, பேட்டைத் துரத்தும் முழுச் சேவல்களாக வளர்ந்தன. நரம்பு இல்லாமலே இது நடக்கிறதென்றால், விதையிலிருந்து ஏதோ ஒன்று இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் போகிறது என்று அவர் முடிவுசெய்தார். ‘ஹோர்மோன்’ என்ற சொல் பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முந்திய முடிவு அது. அதை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உலகம் திரும்பிப் பார்த்தது 1889 ஜூன் மாதத்தில். பாரிஸ் நகர அறிஞர் சபையொன்றில் 72 வயதான பிரௌன்-செக்கார் எழுந்து பேசினார். மொரிசியஸ் தீவின் போர்ட் லூயியில் பிறந்தவர். நரம்பியலில் பெரும் பெயர் பெற்றவர். நாயினதும் கினிப் பன்றியினதும் விதைச் சாற்றைத் தமக்குத் தாமே ஊசியாக ஏற்றிக்கொண்டதாகவும், பல ஆண்டுகளுக்கு முன் இழந்த பலமும் உற்சாகமும் திரும்பிவிட்டதாகவும் அவர் அறிவித்தார். சில மாதங்களுக்குள் அத்தகைய சாறு பல நாடுகளில் விற்பனைக்கு வந்துவிட்டது. டெஸ்டோஸ்டிரோன் நீரில் எளிதாகக் கரையாத பொருள். விதை அதைச் சேமித்து வைப்பதும் இல்லை. அவரது முறையை 2002இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் திரும்பச் செய்து அளந்தபோது, பயன் தரக்கூடிய அளவில் எதுவும் அச்சாற்றில் இல்லை என்று தெரிந்தது. ஊசிக்குள் இருந்தது நம்பிக்கை மட்டுமே. பொய் சொல்லும் மனிதரல்லர் அவர். தம் உடலைத் தாமே அளந்த ஒரு முதியவர், அவ்வளவுதான். ‘பலன் தெரிந்தது’ என்று ஒருவர் மனமாரச் சொல்வது மருந்துக்குச் சான்றாகாது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை.

அடுத்தவர் செர்ஜ் வோரோனொஃப். ரஷ்யாவில் பிறந்த இந்தப் பிரெஞ்சு வைத்தியர் 1896 முதல் 1910 வரை எகிப்தில் இருந்தார். ஆட்சியாளர் இரண்டாம் அப்பாஸின் அரண்மனையோடு அவருக்குத் தொடர்பு இருந்தது. அங்கிருந்த காயடிக்கப்பட்ட பணியாளர்கள் விரைவில் மூப்படைவதாக அவருக்குப் பட்டது. விதை இல்லாததால் மூப்பு என்றால், விதையைப் புதிதாக வைத்தால் இளமைதானே? 1920 ஜூன் 12ஆம் திகதி குரங்கின் விதைத் துண்டுகளை மனிதன் ஒருவனுக்குள் பதித்தார். செல்வந்தர் நூற்றுக்கணக்கில் அவரைத் தேடி வந்தார்கள். தேவைப்பட்ட குரங்குகளுக்காகவே இத்தாலியக் கடற்கரையில் ஒரு பண்ணை நடத்தினார். வேற்று விலங்கின் திசுவை மனித உடல் ஏற்காது, சில நாட்களில் அழித்துவிடும் என்பது பின்னர் தெளிவானபோது, புகழ் கேலியாயிற்று. அதே காலத்தில் வியன்னாவின் ஸ்டைனாக், விந்துக் குழாயைக் கட்டினால் இளமை திரும்பும் என்றார். உளவியல் அறிஞர் பிராய்ட் 1923இலும், கவிஞர் யேட்ஸ் 1934இலும் அந்தச் சத்திரசிகிச்சையைச் செய்துகொண்டார்கள். இன்று நாம் குடும்பக் கட்டுப்பாட்டுக்குச் செய்யும் சிகிச்சையும் ஏறக்குறைய இதுவே. அதனால் எவரும் இளைஞராவதில்லை.

மேற்கை மட்டும் பார்த்துச் சிரிக்க வேண்டாம். 1938இல் இந்தியாவில் பண்டித மதன் மோகன் மாளவியா, தமது 76ஆவது வயதில், தபஸி பாபா என்ற சாதுவிடம் காயகற்ப சிகிச்சை பெற்றார். ஒளி புகாத குடிசையில் வாரக்கணக்கில் தங்கிச் செய்த சிகிச்சை அது. பத்திரிகைகள் அதைப் பெரிய செய்தியாக்கின. பல்கலைக்கழகம் ஒன்றை நிறுவிய கல்விமானுக்கே அந்த ஆசை இருந்தது. படித்தவன், படிக்காதவன் என்ற பேதம் இந்த ஆசைக்குக் கிடையாது.

*

உண்மையான பொருள் கையில் அகப்பட்டது சேவலின் உதவியால்தான். 1927இல் சிக்காகோவில் பிரெட் கோக்கும் அவரது மாணவர் மக்ஜீயும் 40 இறாத்தல் காளை விதையிலிருந்து 20 மில்லிகிராம் சாரத்தைப் பிரித்தார்கள். அதைக் காயடித்த சேவலுக்கு ஏற்றியபோது சுருங்கிய கொண்டை மீண்டும் வளர்ந்தது. கொண்டை எவ்வளவு வளர்கிறது என்பதே அக்காலத்தில் மருந்தின் வீரியத்தை அளக்கும் கோலாக இருந்தது. 1931இல் ஜெர்மனியின் அடோல்ப் பூட்டனண்ட், பொலிஸ்காரரிடமிருந்து திரட்டிய 15,000 லீற்றர் சிறுநீரிலிருந்து 15 மில்லிகிராம் அளவில் இதன் உறவுப் பொருள் ஒன்றைப் பிரித்தார். 1935இல் அம்ஸ்டர்டாமில் ஏர்ன்ஸ்ட் லாக்கரின் குழு 100 கிலோகிராம் காளை விதையிலிருந்து 10 மில்லிகிராம் தூய பொருளை எடுத்து அதற்கு டெஸ்டோஸ்டிரோன் என்று பெயரிட்டது. அதே ஆண்டிலேயே பூட்டனண்டும், சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய ருசிக்காவும் அதை ஆய்வுகூடத்தில் செயற்கையாக ஆக்கினார்கள். 1939இல் இருவருக்கும் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இந்த மூன்று குழுக்களுக்கும் பின்னால் மூன்று மருந்துக் கம்பனிகள் இருந்தன என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். மருந்து பிறந்தபோதே சந்தையும் உடன்பிறந்தது. விதையோ மூளையடிச் சுரப்பியோ பழுதானவர்களுக்கு அது வாழ்வளித்தது, இதில் ஐயமில்லை. ஆனால் அத்தகையோர் சிலர், வயதாகிறவர்களோ எல்லோரும். 1944இல் ஹெலர், மயர்ஸ் என்ற அமெரிக்க வைத்தியர்கள் ‘ஆண்களின் பருவநிறுத்தம்’ பற்றி எழுதியபோது, சோதித்து உறுதிசெய்யக்கூடிய ஒரு சிலரின் நோய் என்றே அதைச் சொன்னார்கள். சந்தை ‘ஒரு சிலர்’ என்பதை விட்டுவிட்டு மீதியை எடுத்துக்கொண்டது. 2000ஆம் ஆண்டில் தோலில் பூசும் களிம்பு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. களைப்பா, எரிச்சலா, உணவுக்குப் பின் தூக்கமா, உங்களுக்கும் குறைவாக இருக்கலாம் என்று விளம்பரங்கள் ஆண்களைக் கேட்கத் தொடங்கின.

உண்மை நிலை என்ன? முப்பது, நாற்பது வயதுக்குப் பின் இச்சுரப்பு ஆண்டுக்கு நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் மெல்லக் குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது போன்ற திடீர் முடிவு ஆணுக்கு இல்லை. ஐரோப்பாவின் எட்டு நகரங்களில் 40 முதல் 79 வயது வரையான 3,369 ஆண்களைச் சோதித்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. இரத்த அளவும் குறைந்து, அதற்குரிய பாலியல் அறிகுறிகளும் சேர்ந்திருந்தவர்கள் நூற்றுக்கு 2.1 பேர் மட்டுமே. நாற்பதுகளில் இருப்போரிடையே அது ஆயிரத்துக்கு ஒருவர். 2016இல் வெளியான அமெரிக்கப் பரிசோதனையில், அளவு குறைந்திருந்த 65 வயதுக்கு மேற்பட்ட 790 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஓராண்டு மருந்தும் மற்றவர்களுக்கு வெறும் களிம்பும் கொடுத்தார்கள். மருந்து பெற்றவர்களுக்குப் பாலுணர்வில் ஓரளவு முன்னேற்றம் இருந்தது. எல்லோரும் எதிர்பார்க்கும் ‘தெம்பு’ சொல்லும்படி கூடவில்லை. 2023இல் முடிவு வெளியான, ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் பங்குபற்றிய பரிசோதனை, மாரடைப்பு கூடவில்லை என்று ஆறுதல் தந்தது. ஆனால் இதயத் துடிப்புக் கோளாறும், நுரையீரலில் இரத்தக்கட்டி அடைப்பும், சிறுநீரகப் பாதிப்பும் மருந்து பெற்றவர்களிடம் கூடுதலாக இருந்தன. எலும்பைப் பலப்படுத்தும் என்று நம்பிய மருந்தைப் பெற்றவர்களுக்கே எலும்பு முறிவு அதிகம் என்று 2024இல் தெரியவந்தது.

இளைஞர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இன்னும் இருக்கிறது. மூளையடிச் சுரப்பி ஆணையிட, விதை சுரக்கிறது. வெளியிலிருந்து ஹோர்மோனை ஏற்றினால், போதுமான அளவு இருக்கிறது என்று எண்ணி அந்த ஆணை நின்றுவிடும். விந்தணு உற்பத்தியும் படுத்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 1990இல் வெளியிட்ட ஆய்வில் வாராந்த டெஸ்டோஸ்டிரோன் ஊசி ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே சோதிக்கப்பட்டது. தசை வளர்க்கவும் ‘ஆண்மை’ கூட்டவும் தாமாக ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞர்கள், பிள்ளைப்பேற்றைத் தற்காலிகமாகவோ நெடுங்காலத்துக்கோ இழக்கும் வழியில் நடக்கிறார்கள்.

*

முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் மருந்து உண்டு, ஆகவே வைத்தியம் செய்யுங்கள் என்ற கருத்துள்ள நபிமொழி நம்மிடையே பிரபலமானது. அதை விதியை நொந்துகொள்ளும் வாசகமாகவே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் ஒரு பாகுபாடு தெரிகிறது. நோய் வேறு, முதுமை வேறு. நோயாளி மருந்தைத் தேடுவது கடமை. முதியவர் நோயாளி என்று நம்பவைக்கப்படுவது அநீதி. இந்தப் பாகுபாடு குழம்புவதால் எங்கள் மலையில் நடப்பதை நான் இரு பக்கமும் பார்த்திருக்கிறேன்.

கவ்வாத்து வெட்டி, முள்ளுக்குத்தி, கான் வெட்டி முப்பது வருடம் கழித்த ஒருவர், சேமலாப நிதி கையில் வரும் ஐம்பத்தைந்தாவது வயதில் களைத்திருப்பதற்கு ஹோர்மோன் காரணம் தேவையில்லை. கசிப்பு, நீரிழிவு, தொப்பை, குறட்டையால் கெடும் தூக்கம் ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. இவை சுரப்பையும் குறைக்கின்றன. இவற்றைச் சீர்செய்தால் சுரப்பும் பெரும்பாலும் ஏறுகிறது. 2005-06இல் நடந்த நாடளாவிய ஆய்வே நம் வயதுவந்தோரில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு என்றது. ஆனால் நம்மவர் இரத்தத்தில் சீனி பார்க்க வெட்கப்படாமல் போவதற்கு முன், வெட்கத்தோடு மறைவாகப் போவது லேகியக் கடைக்கு. கஞ்சா சேர்த்துச் செய்யும் மதன மோதகம் என்ற உருண்டை பலருக்குக் கிடைக்கும் முதல் ‘சிகிச்சை’. எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர், ஐம்பது வயதைத் தாண்டியவர், நகரத்து விடுதி அறையொன்றில் வந்து தங்கும் வைத்தியர் ஒருவரிடம் மூன்று மாதச் சம்பளத்தில் பாதியைப் போத்தல்களுக்குக் கொடுத்தார். மனைவிக்குத் தெரியாமல் கடன் வாங்கினார். பின்னர் அரச வைத்தியசாலைக்கு வேறெதற்கோ போனபோதுதான் சீனி நோய் முற்றியிருந்தது தெரிந்தது. அந்த மூன்று மாதமும் அவர் கண்ணுக்கும் பாதத்துக்கும் நட்டம்.

மறுபக்கம் இதைவிட வேதனையானது. எங்கள் பக்கத்துத் தோட்டமொன்றில் ஓர் இளைஞன் இருந்தான். இருபத்து நான்கு வயதிலும் மீசை முளைக்கவில்லை, குரல் உடையவில்லை. லயத்தில் அவனுக்குப் பெயரே மறைந்து, பட்டப் பெயர் மட்டும் மிஞ்சியிருந்தது. கோயிலுக்கு நேர்ந்தார்கள், தாயத்து ஓதிக் கட்டினார்கள், ஒரு வைத்தியரிடமும் காட்டவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தபோதுதான் இன்னொன்று வெளிப்பட்டது. இலை பதமாகும்போது எழும் மணம் மலைச்சரிவு முழுவதும் வீசும். அவனுக்கு அது தெரியவே இல்லை. பிறந்ததிலிருந்து எந்த மணமும் அவனுக்குத் தெரிந்ததில்லை. அப்படி ஒன்று இருப்பது மற்றவர்களின் பேச்சென்று எண்ணியிருந்தான்.

இதைக் கேள்விப்பட்டதும் நான் ஒரு வைத்திய நண்பரிடம் சொன்னேன். அவர் உடனே புரிந்துகொண்டார். கருவில், சுரப்பைத் தூண்டும் ஆணையை உண்டாக்கும் உயிரணுக்கள் மூக்குப் பகுதியில் தோன்றி, மண நரம்புகளின் வழியே மூளைக்குப் பயணம் செய்கின்றன. அப்பயணம் தடைப்பட்டால் மணமும் இல்லை, பருவமும் இல்லை. 1944இல் இதை விவரித்தவரின் பெயரால் கால்மன் நோய்க்குறி என்கிறார்கள். கண்டியில் விசேட வைத்தியரிடம் காட்டி, காலையில் இரு தடவை இரத்தம் சோதித்து, அதுவே என்று உறுதிசெய்தார்கள். காளை விதையையும் சிறுநீரையும் வடித்து மனிதன் தேடிய மருந்து இவன் போன்றவனுக்கானதுதான். குறித்த இடைவெளியில் ஊசி போடுகிறார்கள். பிள்ளை வேண்டுமென்றால் அப்போது வேறு வகை ஊசிக்கு மாற்றலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஓராண்டுக்குள் குரல் உடைந்தது, மீசை அரும்பியது. மணம் மட்டும் வரவில்லை, வராது.

கூகைக்கட்டு விதையைத் தாக்கியவர்கள், பிறவியில் விதை இறங்காதவர்கள், ஒரு நிறமூர்த்தம் கூடுதலாகப் பிறந்தவர்கள் என்று இவனைப் போன்றோர் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருப்பார்கள். வைத்தியம் தேவைப்படாதவர் கடன்பட்டு வாங்குகிறார். தேவைப்படுகிறவர் பட்டப் பெயரோடு ஒதுங்கி வாழ்கிறார். இரண்டுக்கும் காரணம் ஒரே வெட்கம். பாடசாலையில் பருவ வளர்ச்சிப் பாடத்தை ‘வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்’ என்று கடந்துபோகும் பழக்கத்தை நாங்கள் ஆசிரியர்கள் விட்டாலே பாதி வெட்கம் குறையும். பதினாறு, பதினேழு வயதாகியும் பருவம் வராத பையன் வகுப்பில் இருந்தால், அவனைப் பெற்றோரோடு வைத்தியரிடம் அனுப்ப நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த இளைஞன் இப்போதும் அதே தொழிற்சாலையில்தான் வேலை செய்கிறான். இலை பதமாகிவிட்டதா என்பதை அவன் நிறத்தைப் பார்த்துச் சொல்கிறான். அவனை இப்போது பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.